கஞ்சி போட்ட சட்டைக்குப் பளபளப்பு: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

மீனா: பெரியம்மா, உங்களிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளைப் பருத்திச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தேன். காலர் மொடமொடவென்று நிற்கிறது. ஆனால் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கலாக இருக்கிறது. அடுத்த முறை கஞ்சியைக் கெட்டியாகப் போட்டால் பளபளப்பு வருமா?

மீனா: (படம்)

அம்மா: வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் அனுப்பு. இதில் ஒன்றும் தெரியவில்லை.

மீனா: (படம்)

கோமதி பெரியம்மா: கெட்டியாகப் போடாதே மீனா. கஞ்சி கூடினால் விறைப்புத்தான் கூடும். மடிக்கிற இடத்தில் வெடித்து மாவாக உதிரும். பளபளப்பு தேய்ப்பில்தான் வருகிறது. அதுவும் முதல் தேய்ப்பில் இல்லை, இரண்டாவது தேய்ப்பில்.

மீனா: இரண்டு முறை தேய்க்க வேண்டுமா?

கோமதி பெரியம்மா: ஆமாம். முதல் முறை சுருக்கம் போகவும் துணி காயவும். இரண்டாவது முறை மெருகு ஏற்ற. இரண்டும் வேறு வேறு வேலை. அடுப்பில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

இனியன்: என் அம்மா, உன் பெரியம்மா, வருவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன் மீனா. பருத்தி நூலின் மேல் மிகச் சிறிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் அதில் பட்டு நாலாபக்கமும் சிதறுவதால் துணி மங்கலாகத் தெரிகிறது. கஞ்சி அந்த இழைகளைப் படியவைத்து ஒட்டுகிறது, நூல்களுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களை நிரப்புகிறது. ஆனால் கஞ்சிப் படலமே மேடுபள்ளமாகக் காய்ந்துவிட்டால் அதுவும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சூடு, அழுத்தம், உராய்வு மூன்றும் சேர்ந்து அந்தப் படலத்தை வழவழப்பாக்கினால்தான் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது அதுதான்.

மீனா: அப்படியென்றால் என் சட்டையில் கஞ்சிப் படலம் இருக்கிறது, வழவழப்பாகவில்லை. சரியா அண்ணா?

இனியன்: சரிதான். படத்தில் காலர் ஓரத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறது. அங்கே கஞ்சி துணிக்குள் இறங்காமல் மேலேயே நின்று காய்ந்திருக்கிறது.

ராகவன் மாமா: எந்தப் பலகையில் வைத்துத் தேய்க்கிறாய்? நீராவி ஓடுகிறதா?

மீனா: மெத்தை வைத்த அயர்னிங் போர்டு மாமா. நீராவியும் போட்டிருந்தேன், சீக்கிரம் சுருக்கம் போகுமே என்று.

ராகவன் மாமா: சுருக்கம் போக மெத்தை நல்லது. மெருகுக்கு ஆகாது. நீ எவ்வளவு அழுத்தினாலும் மெத்தை கீழே போய்விடும். மரப்பலகை மேல் ஒற்றை மடிப்புத் துணி விரித்து அதில் வைத்துத் தேய். நீராவியை நிறுத்திவிடு. மெருகேறிய இடத்தில் நீராவி பட்டால் கஞ்சி மறுபடி ஊறி மங்கிவிடும்.

கோமதி பெரியம்மா: ராகவன் சொல்வது முழுக்கச் சரி. இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கோமதி பெரியம்மா: கஞ்சியில் நனைத்த துணியைப் பிழிந்ததும் இரண்டு கையாலும் கசக்கி, கஞ்சியை உள்ளே இறக்கு. பிறகு ஒரு சுத்தமான துணியால் மேலே நிற்கும் கஞ்சியை வழித்து எடுத்துவிடு. இந்த ஒரு வேலையை விட்டால் பிறகு என்ன செய்தாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும். முழுக்கக் காய விடாதே. தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் முதல் தேய்ப்பு. காலருக்கு முதலில் உட்பக்கம், பிறகு வெளிப்பக்கம். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவா, இல்லாவிட்டால் முனையில் சுருக்கம் சேரும். ஈரம் அறவே போகும்வரை தேய்.

கோமதி பெரியம்மா: அதன் பிறகு கெட்டிப் பலகைக்கு மாற்று. ஈரத்துணியைக் கெட்டியாகப் பிழிந்து காலரின் மேல் ஒரே ஒரு முறை துடை. கஞ்சிப் படலத்தின் மேற்பரப்பு மட்டும் இளக வேண்டும், அவ்வளவுதான். உடனே சூடான பெட்டியின் பின்பக்க ஓரத்தைப் பதித்து, முன்பக்கத்தை மயிரிழை அளவு தூக்கியபடி, அழுத்தி முன்னும் பின்னும் தேய். ஓரிடத்தில் நிறுத்தாதே, கருகிவிடும். கொஞ்ச நேரத்தில் பெட்டி போன தடமெல்லாம் மின்னும். பக்கம் பக்கமாக நகர்ந்து தடங்களை ஒன்றாக்கிவிடு.

அம்மா: அக்கா, பின்பக்கத்தை ஏன் பதிக்க வேண்டும்? முழுப் பெட்டியும் பட்டால் நல்லதுதானே?

கோமதி பெரியம்மா: முழுப் பெட்டியும் பட்டால் நம் கையின் பலம் அவ்வளவு இடத்துக்கும் பங்காகிப்போகும். ஓரம் மட்டும் பட்டால் அத்தனை பலமும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். நீராவிப் பெட்டியில் பின்பக்கம் துளை குறைவாகவும் இருக்கும், கோடு விழாது.

இனியன்: இதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது சித்தி. 19-ஆம் நூற்றாண்டில் காலரும் கையோரமும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று விரும்பிய காலத்தில், மெருகேற்ற மட்டும் தனியாக ஒரு சின்ன இரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் அடி தட்டையாக இருக்காது, வெளிப்பக்கம் வளைந்து நன்றாகத் தீட்டப்பட்டிருக்கும். அம்மா சொல்கிற அதே காரணம்தான், அழுத்தம் சின்ன இடத்தில் குவியும்.

மீனா: இது எனக்குத் தெரியவே தெரியாது! சரி, கஞ்சி எந்த அளவு? நான் கண்ணளவாகத்தான் போடுகிறேன்.

கோமதி பெரியம்மா: அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஸ்டார்ச் மாவு. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு கொதிக்கும் தண்ணீரில் விட்டுக் கிளறு. வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி தெளியும்போது இறக்கு. கட்டாயம் வடிகட்டு. ஒரு சின்னக் கட்டி போதும், தேய்க்கும்போது அந்த இடம் பழுப்பாகிவிடும்.

ராகவன் மாமா: அக்கா, காலருக்குக் காய்ச்சாத கஞ்சிதான் இன்னும் நல்லது என்பது என் கருத்து. பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து அப்படியே நனைப்பது.

கோமதி பெரியம்மா: முழுச் சட்டைக்கு அது வேண்டாம் தம்பி. உடம்பைக் குத்தும்.

ராகவன் மாமா: முழுச் சட்டைக்கு நானும் சொல்லவில்லை. காலருக்கும் கையோரத்துக்கும் மட்டும்.

இனியன்: மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சாத மாவுத் துகள் சின்னது, நூலுக்குள் போய் உட்காரும். பெட்டியின் சூடு பட்டதும் அங்கேயே வெந்து கஞ்சியாகும். 60 முதல் 80 டிகிரிக்குள் பெரும்பாலான ஸ்டார்ச் வெந்துவிடும். அதனால் துணியே கட்டியாகி நிற்கும், மெருகும் நன்றாக ஏறும். அரிசி ஸ்டார்ச்சின் துகள் மிகவும் நுண்ணியது, 10 மைக்ரானைத் தாண்டுவது அரிது. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் 100 மைக்ரான் வரைகூட இருக்கும். காய்ச்சாமல் போடுவதானால் அரிசிதான் பொருத்தம். கலவை அடியில் படிந்துவிடும், ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் கலக்கிக்கொள்ள வேண்டும்.

அம்மா: மெழுகு சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எதற்கு?

கோமதி பெரியம்மா: நல்ல கேள்வி. காய்ச்சிய கஞ்சி சூடாக இருக்கும்போதே பட்டாணி அளவு வெள்ளைத் தேன்மெழுகு போட்டுக் கரையக் கலக்கினால் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும், ஒட்டாது. மெருகும் மென்மையாக வரும். அதற்கு மேல் போடாதே, துணியில் எண்ணெய்க்கறை மாதிரி தெரியும்.

இனியன்: தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். அதனால் கஞ்சி ஆறிய பிறகு போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். அரபிப் பிசினை ஊறவைத்து வடிகட்டிச் சேர்ப்பதும் பழைய முறைதான். பிசின் கண்ணாடி மாதிரிக் காய்வதால் பளபளப்பு வரும்.

மீனா: நான் தேடியபோது போராக்ஸ் என்று ஒன்று வந்தது. வெங்காரமாமே. அது போடலாமா?

கோமதி பெரியம்மா: முன்பெல்லாம் ஒரு சிட்டிகை போடுவது வழக்கம். விறைப்பும் மினுமினுப்பும் கூடும். இப்போது நான் போடுவதில்லை.

ராகவன் மாமா: வேண்டவே வேண்டாம் மீனா. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. காலரைக் கடிக்கும் வயது.

இனியன்: ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்பது காரணம். நல்ல தேய்ப்பு இருந்தால் அது இல்லாமலே பளபளப்பு வரும்போது எதற்கு?

மீனா: சரி, அதை விட்டுவிடுகிறேன். பெட்டிச் சூடு எவ்வளவு?

இனியன்: சட்டையின் பட்டியில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் எத்தனை புள்ளி என்று பார். மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி வரை, பருத்திக்கும் லினனுக்கும். இரண்டு என்றால் 150, ஒன்று என்றால் 110. பாலியஸ்டர் கலந்த துணியாக இருந்தால் இந்த மெருகு வேலையே வேண்டாம். கஞ்சி அதில் சரியாகப் பிடிக்காது, சூடு கூடினால் இழையே இளகித் தட்டையாகிவிடும்.

அம்மா: உங்கள் சித்தப்பாவின் கறுப்புப் பேன்ட்டில் முட்டிப் பக்கம் மின்னுகிறதே, அது அதனால்தானா?

இனியன்: அதனால்தான் இருக்கும் சித்தி. கம்பளித் துணி என்றால் ஈரத்துணி போட்டு நீராவி காட்டி, பிரஷால் நீவினால் பெரும்பாலும் போய்விடும். பாலியஸ்டரில் இளகியது இளகியதுதான். இனி அதைப் புறம் திருப்பிப் போட்டுத் தேயுங்கள்.

ராகவன் மாமா: ஒரே வேலை, காலரில் செய்தால் அழகு, கறுப்புப் பேன்ட்டில் செய்தால் கெடுதல். அடர்நிறப் பருத்திச் சட்டைக்கும் இது பொருந்தும் மீனா. கஞ்சியை நீர்க்கப் போடு, உட்பக்கமாகத் தேய். வெள்ளைத் திட்டு அடர்நிறத்தில் உடனே காட்டிக்கொடுக்கும்.

மீனா: கடையில் விற்கும் சில சட்டைகள் கஞ்சியே இல்லாமல் மின்னுகின்றனவே மாமா?

இனியன்: அது நூலிலேயே ஏற்றிய மினுமினுப்பு. 1844-இல் ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்தார், இழை பருத்து வலுப்பட்டது. 1890-இல் ஹோரஸ் லோ அதையே இழுத்துப் பிடித்தபடி செய்ததும் பளபளப்பு வந்தது. தட்டையாக முறுக்கிக்கொண்டிருக்கும் பருத்தி இழை உருண்டு நிமிர்ந்துவிடுகிறது. பட்டியில் மெர்சரைஸ்டு என்று போட்டிருக்கும். அது துவைத்தாலும் போகாது. நம் மெருகு அடுத்த சலவையோடு போய்விடும்.

கோமதி பெரியம்மா: போனால் என்ன, மறுபடி ஏற்றலாம். அந்த மெர்சரைஸ்டு துணிக்கும் மெல்லிய கஞ்சி போட்டு இப்படித் தேய்த்துப் பார். அந்த அழகே தனி.

மீனா: தேய்த்ததும் மடித்து வைத்துவிடலாமா பெரியம்மா?

கோமதி பெரியம்மா: கூடாது. சூடு இருக்கும்போதே காலரைக் கழுத்து வளைவுக்கு வளைத்துவிடு, ஆறிய பிறகு வளைத்தால் வெடிக்கும். பிறகு காற்றுப்பட ஹேங்கரில் மாட்டு. மிச்ச ஈரத்தோடு அலமாரிக்குள் வைத்தால் மெருகு மங்கிவிடும். பெட்டியின் அடித்தகடு வெதுவெதுப்பாக ஆறியதும் ஈரத்துணியால் துடைத்து வை. பழைய கஞ்சி ஒட்டியிருந்தால் அடுத்த துணியில் பழுப்புக்கோடு இழுக்கும்.

அம்மா: அக்கா, நான் எப்போதாவது எடுக்கும் மேசை விரிப்புகளைக் கஞ்சியோடுதான் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

கோமதி பெரியம்மா: வேண்டாம்மா. ஸ்டார்ச் என்றால் ராமபாணப் பூச்சிக்குப் பிடித்த தீனி, கரப்பானும் வரும். நாளாக ஆகத் துணியும் மடிப்பில் இற்றுப்போகும். நெடுநாள் வைக்கிற துணியைக் கஞ்சி போக அலசி, காயவைத்துத் தேய்க்காமல் மடித்து வை. எடுக்கிற அன்று கஞ்சி போட்டுக்கொள்.

அம்மா: சரி அக்கா. இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துத் தண்ணீரில் போடுகிறேன்.

ராகவன் மாமா: வெந்நீரில் போடு, சீக்கிரம் விடும்.