ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு எளிய விதிகள் எழுதிய அனுபவம்

ரோல்பிளேயிங் என்றால் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஒரு கதைக்குள் நுழைவது. செய்ய நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துபவன் நான். முதன்முறையாக விளையாட வந்தவர்கள் 4 பேர். இவ்வகை ஆட்டங்களில் ஒன்றான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் கேரக்டர் ஷீட்டை, அதாவது கதாபாத்திரத்தின் விவரத் தாளைக் கொடுத்தேன். 6 அடிப்படைத் திறன்கள், அவற்றின் கீழ் 18 தேர்ச்சிகள். நிரப்பி முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. என் அக்கா மகளுக்கு 11 வயது. "மாமா, இந்தக் கதவை உதைச்சுத் திறக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, எந்த வரியைப் பார்ப்பது என்று தெரியாமல் ஷீட்டில் விரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்த பிறகுதான் நானே விதி எழுத உட்கார்ந்தேன்.

18 தேர்ச்சிகளும் போய் பலம், சாமர்த்தியம், பேச்சு என்று மூன்றே மிஞ்சின. ஒன்றுக்கு +2, ஒன்றுக்கு +1, மற்றதற்கு 0 என்று பகடையில் விழும் எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 20 பக்கப் பகடையை மட்டும் விட மனசு வரவில்லை. அங்கேதான் தவறினேன். அதில் எல்லா எண்ணும் ஒரே அளவு வாய்ப்போடு விழும். +2 இருந்தால் வெற்றி வாய்ப்பு 10 சதவீதம்தான் கூடும். பலசாலி உதைத்தும் அசையாத கதவை, நோஞ்சான் அடுத்த உருட்டலில் திறந்துவிட்டான்.

சரி என்று இரண்டு 6 பக்கப் பகடைகளுக்கு மாறினேன். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் சிக்கல். இது 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தின் முறை. 0 உள்ளவருக்கு முழு வெற்றி 36இல் 6 தடவை, +2 உள்ளவருக்கு 15 தடவை. பலசாலி கடைசியில் பலசாலி மாதிரி இருந்தான்.

அப்புறம் கோடரிக்கு +1, தோழன் உதவிக்கு +1, மேட்டில் நிற்பதற்கு +1 என்று சேர்த்துக்கொண்டே போனேன். பலசாலிக்கு மொத்தம் +5. இரண்டிலும் 1 விழுந்தாலும் 7 வந்துவிடும், தோல்வியே கிடையாது. அவன் உருட்டும்போது யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது +3 தான் உச்சம்.

விதியைக் குறைத்தால் பாரம் குறையும் என்று நம்பினேன். அது என் தலைக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். 7 முதல் 9 அடிக்கடி விழும். ஒவ்வொரு முறையும் விலையை நான் அந்த நொடியில் யோசிக்க வேண்டும். மூன்றாவது சண்டையில் ஒன்றுமே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஷீட்டின் அடியில் நான்கு விலைகளை எழுதிவிட்டேன்: நேரம் போகும், பொருள் போகும், அடிபடும், எதிரி கவனித்துவிடுவான். எது என்று விளையாடுபவரே சொல்லலாம். "அடிபட்டா பரவாயில்லை, விளக்கு மட்டும் அணையக் கூடாது" என்றாள் அக்கா மகள். அந்தக் குகையில் அதற்கு மேல் நான் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பதில்:

எனக்கு உயிர்ப்புள்ளிகளில், அதாவது அடிபட அடிபடக் குறைந்து தீர்ந்தால் வீழ்த்தும் எண்ணில், இதே அனுபவம், நண்பரே. 24 புள்ளி உள்ள பூதம். ஓர் அடிக்கு ஒரு 6 பக்கப் பகடை, அதன் சராசரி 3.5. வீழ்த்த ஏறக்குறைய 7 அடி வேண்டும், பாதி தவறினால் 14 உருட்டல். எண்ணைக் கழிப்பதே சண்டையாகிவிட்டது. புள்ளிகளை எடுத்துவிட்டு மூன்று காயங்கள் வைத்தேன். முதல் காயத்தில் கேடயம் போகும், இரண்டாவதில் நொண்டும், மூன்றாவதில் உயிர் தப்ப ஓடும். போன வாரம் எங்கள் பூதம் அப்படித்தான் ஓடியது. துரத்துவதா, விட்டுவிடுவதா என்று மேசையில் பத்து நிமிடம் வாக்குவாதம். அந்த நேரம் முழுவதும் ஒருவரும் பகடையைத் தொடவில்லை.