புதுப்பிப்பு: ஹாட் சாக்லேட் இப்போது கெட்டியாக வருகிறது

கோகோ பவுடரில் போடும் ஹாட் சாக்லேட் தண்ணியாகவே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன டார்க் சாக்லேட், கார்ன்ஃப்ளார் இரண்டையும் சேர்த்தே போட்டேன். பிரமாதம்! கோகோ பவுடரில் கொழுப்பைப் பெரும்பாலும் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். சாக்லேட் கட்டியில் அது இருப்பதால்தான் அந்த வழவழப்பு. இத்தாலிக்காரர்களின் ஹாட் சாக்லேட்டான சொக்கொலாத்தா கால்தாவும் மாவு சேர்த்துக் கெட்டியாக்குவதுதான்.

250 மில்லி பால், 50 கிராம் சாக்லேட், ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார். மாவைக் குளிர்ந்த பாலில்தான் கரைக்க வேண்டும், சூட்டில் போட்டால் கட்டி தட்டும். சிறு தீயில் கிண்டி, ஒரு கொதி வந்ததும் நறுக்கிய சாக்லேட், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை உங்கள் இஷ்டம்.

அப்புறம், ஏலக்காய் போடச் சொன்னவருக்கு: போட்டேன், பாயச வாசம்தான் வந்தது. எனக்கு வேண்டாம் சாமி.