கழித்துக்கொண்ட அட்வான்ஸ்

கடலூர் உறுப்பினர்:

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென்பெண்ணையாற்றுக்கு அண்மையில், கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் கொண்ட ஒரு பழைய வீட்டை 29 லட்சத்துக்கு வாங்கினேன். அதில் 20 லட்சம் வங்கிக் கடன். மாறும் வட்டி அன்று 7 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை ₹15,506. ஏற்கெனவே குடியிருந்த இரு குடும்பங்களும் தொடர விரும்பின. கீழே ₹7,000, மேலே ₹6,500 வாடகை. மாதம் இரண்டாயிரம் கையிலிருந்து போட்டால் வீடே தன் கடனை அடைத்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

கிரயத்தன்று விற்றவர், "குடியிருக்கறவங்க அட்வான்ஸ் ஆளுக்கு அம்பதாயிரம், மொத்தம் ஒரு லட்சம் எங்கிட்ட இருக்கு சார். அதைக் கழிச்சுக்கிட்டு மீதியக் கொடுங்க" என்றார். இது இங்கே வழக்கமான நடைமுறைதான். ஆனால் அந்த ஒரு லட்சம் விலையில் கிடைத்த குறைப்பாகவே என் மனத்தில் பதிந்துவிட்டது. அப்போது அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 4 சதவீதமும் கட்ட வேண்டியிருந்ததால், அந்தப் பணம் பத்திரச் செலவிலேயே கரைந்து போயிற்று.

அதே ஆண்டு மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டி விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தி, 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. என் வட்டி 9.5 ஆயிற்று. அப்போது நிலுவை சுமார் 19.52 லட்சம், அதற்கு ஒரு மாத வட்டியே ஏறத்தாழ ₹15,450. பழைய தவணையையே தொடர்ந்தால் அசலில் மாதம் ஐம்பது ரூபாய்தான் கழியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவு எனக்கு உறக்கமில்லை. தவணையை ₹18,500 அளவுக்கு உயர்த்திக்கொண்டேன். அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஐயாயிரம் கையிலிருந்து போனது. சேமிப்பு என்று எதுவும் நிற்கவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, கீழ் போர்ஷனுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் போய்ப் பார்த்தேன். சுவரில் பிளக் பாயிண்டுக்குச் சற்று மேலே பழுப்பு நிறக் கோடு ஒன்று அறை முழுவதும் ஓடியிருந்தது. மாடிப் படிகளில், படிக்கு ஒரு புத்தகமாக, பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை விரித்துக் காயவைத்திருந்தார்கள்.

"சார், உங்கமேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே பசங்க எழுந்து உக்காந்துக்கறாங்க. பொங்கலுக்குள்ள காலி பண்ணிடறோம். அட்வான்ஸ மட்டும் கையோட கொடுத்துடுங்க, அத வெச்சுத்தான் அடுத்த வீடு பாக்கணும்" என்றார் கீழே குடியிருந்த அம்மா.

மோட்டார், வயரிங், வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு அந்த வாரம் ₹42,000 தேவைப்பட்டது. "அடுத்த குடித்தனம் வந்ததும் தந்துவிடுகிறேனே அம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல், ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களைக் கிழியாமல் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டது என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது: வெள்ளத்தில் நனைந்த குடும்பத்திடமே கடன் கேட்டிருக்கிறேன். நான்காம் நாள் என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஐம்பதாயிரத்தைக் கொடுத்தேன்.

புதிதாக வருபவரின் அட்வான்ஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கவும் முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ₹7,000 வாடகைக்கு அது ₹21,000தான். வருமான வரியிலும் பழுதுபார்ப்புக்கெனத் தனிச் சலுகை இல்லை. ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும், வீட்டுவரி போக மீதமுள்ள வாடகையில் 30 சதவீதம்தான் கழிவு. கீழ் போர்ஷன் இரண்டரை மாதம் பூட்டிக் கிடந்தது. இப்போது வந்திருப்பவர்களின் ₹21,000ஐ, ஏ.டி.எம். அட்டையே வாங்காத ஒரு தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன்.

புதுச்சேரி உறுப்பினர்:

ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்தபோது லாஸ்பேட்டையில் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. என்னுடையது போக்கியம்: மாத வாடகைக்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை விடுவது, காலம் முடிந்ததும் அதை முழுதாகத் திருப்பித் தருவது. 2019இல் மாடி வீட்டை மூன்றாண்டுக்கு 5 லட்சம் போக்கியத்துக்கு விட்டு, அந்தத் தொகை முழுவதையும் வீட்டுக் கடனின் அசலில் கட்டினேன். வட்டி மிச்சமானது உண்மைதான். ஆனால் 2022இல் காலம் முடிந்தபோது, அடுத்துப் போக்கியத்துக்கு வருபவரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். வந்து பார்த்தவர்கள் அனைவரும் மாத வாடகைக்கே கேட்டார்கள். ஜிப்மர் மருத்துவமனையில் பணியாற்றும் ஓர் இளைஞர், "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவேன் சார், அஞ்சு லட்சத்த எப்படி முடக்கறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

போக்கியத்துக்கு இருந்தவர் முகம் சுளிக்காமல் ஐந்து மாதம் பொறுத்தார். அந்த ஐந்து மாதமும் எனக்கு வாடகையும் இல்லை, அவரை ஏறிட்டுப் பார்க்கும் துணிவும் இல்லை. கடைசியில் நகைக் கடனும் தம்பியிடம் கைமாற்றுமாக அடைத்தேன்.

இப்போது மாத வாடகைக்கு மட்டுமே விடுகிறேன். அட்வான்ஸை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, அந்த ரசீதின் நகலைக் குடியிருப்பவரிடமே கொடுத்துவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு குடும்பம் காலி செய்தது. காலையில் சாவி வாங்கி, மின்கட்டண பாக்கி ₹640ஐக் கழித்து, மீதியை அவர்கள் லாரி கிளம்புவதற்குள் அனுப்பிவிட்டேன்.