அமில நீரில் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள்: அமிலம் தடையா, துணையா?

நீர்க்குமிழி (கேள்வி):
வணக்கம். மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் நடுநிலையை ஒட்டிய நீரில்தான் வளரும் என்று பழைய பாடநூல்களில் படித்திருக்கிறேன். ஆனால் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள சோல்ஃபத்தாரா எரிமலைவாயின் கொதிசேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஓர் இனம், பி.எச். மதிப்பு 1-க்குச் சற்றுக் கீழேயும் வளர்வதாக அண்மையில் அறிந்தேன். கந்தக அமிலம் நிறைந்த அந்த நீர் இவற்றின் நொதிகளைச் சிதைத்துவிடாதா? அங்கு வாழ்வதால் இவற்றுக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா, அல்லது வேறு போக்கிடமின்றிப் பொறுத்துக்கொள்கின்றனவா?

சவ்வூடு:
அமிலத்தை விரும்பும் நுண்ணுயிரிகள் தம் செல்லின் உட்புறத்தை நடுநிலைக்கு அருகிலேயே வைத்துக்கொள்கின்றன. புரோட்டான்களை (அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளை) எளிதில் உள்ளே விடாத சவ்வும், நுழைந்தவற்றை வெளியேற்றும் அமைப்புகளும் அதற்கு உதவுகின்றன. மீத்தேனுக்கு மின்னூட்டம் இல்லாததால், நீர் எவ்வளவு புளித்திருந்தாலும் அது தடையின்றிச் சவ்வைக் கடந்துவிடும். எனவே உணவு கிடைப்பதில் சிக்கல் இல்லை.

சிக்கல் உண்ட பிறகுதான் தொடங்குகிறது. மீத்தேன் முதலில் மெத்தனாலாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும், முடிவில் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. இடையில் உருவாகும் ஃபார்மிக் அமிலம் வெளியே கசிந்தால், பி.எச். 1 உள்ள நீரில் அது மின்னூட்டமற்ற வடிவத்தில் இருக்கும். அந்த வடிவில் சவ்வை ஊடுருவி மீண்டும் உள்ளே வந்து, அங்குள்ள நடுநிலைச் சூழலில் பிரிந்து புரோட்டானை உதிர்க்கும். கந்தக அமிலத்தால் இப்படி நுழைய முடியாது. ஆகவே இந்த பாக்டீரியாக்களுக்கு வெளியிலிருக்கும் அமிலத்தைவிடத் தம் சொந்த இடைப்பொருளே ஆபத்தானது என்பது என் கருத்து.

சதுப்புநிலத்தான்:
தலைப்பு எரிமலையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்பேக்னம் பாசி படர்ந்த வடபுலச் சதுப்புகளின் குளிர்ந்த நீரும் அமிலத்தன்மை உடையதே, அங்கு பி.எச். 4 முதல் 5 வரை இருப்பது இயல்பு. மெத்திலோசெல்லா பாலுஸ்ட்ரிஸ் (2000-இல் விவரிக்கப்பட்டது), மெத்திலோகேப்சா அசிடிஃபிலா (2002) ஆகிய மீத்தேன் உண்ணும் இனங்கள் அங்கிருந்து வந்தவை. ஸ்பேக்னத்தின் வெற்று நீர்ச்செல்களுக்குள்ளேயே இத்தகைய பாக்டீரியாக்கள் தங்கி, மீத்தேனிலிருந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைப் பாசிக்கு அளிப்பதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றை வளர்க்க முயன்று நானும் ஏமாந்திருக்கிறேன். வழக்கமான உப்புக் கரைசலில் அமிலம் மட்டும் சேர்த்து, ரப்பர் மூடியிட்ட குப்பிகளில் மீத்தேனைச் செலுத்தி வாரக்கணக்கில் காத்திருந்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போதெல்லாம் நீர் தெளிவாகவே இருந்தது. அதே கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்த பிறகே மெல்லிய கலங்கல் தோன்றியது. அவற்றைத் தடுத்தது அமிலம் அன்று, உப்பின் மிகுதி.

அருமண்:
சவ்வூடு அவர்களின் விடைக்கு ஒரு திருத்தம் தேவை: எல்லா நொதிகளும் நடுநிலையான உட்புறத்தில் இல்லை. மெத்தனாலை ஆக்சிஜனேற்றும் நொதி, உட்சவ்வுக்கு வெளியே, வெளிச்சவ்வுக்கு உள்ளே அமைந்த இடைவெளியில் இருக்கிறது. அமில நீர் பெரும்பாலும் அவ்விடம்வரை எட்டுகிறது. கேள்வி கேட்டவரின் இரண்டாவது ஐயத்துக்கான விடையும் அந்த நொதியில்தான் உள்ளது.

சோல்ஃபத்தாரா, நியூசிலாந்தின் டிக்கிட்டேரே, ரஷ்யாவின் கம்சாட்கா ஆகிய மூன்று இடங்களிலிருந்தும், மூன்று குழுக்கள் தனித்தனியே 2007, 2008-இல் இத்தகைய அமில விரும்பி மீத்தேன் உண்ணிகளை அறிவித்தன. இன்று மெத்திலாசிடிஃபிலம் என்ற பேரினத்தில் அடங்கும் இவை, முன்பு அறியப்பட்ட புரோட்டியோபாக்டீரியா வகையைச் சேராமல் வெருக்கோமைக்ரோபியா என்ற வேறொரு பிரிவைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் நன்கு வளர்பவை. ஆனால் சோல்ஃபத்தாரா இனம் ஆய்வகத்தில் ஒரு பிடிவாதம் காட்டியது: அதன் சொந்தச் சேற்றுநீரைச் சிறிது சேர்த்தாலன்றி அது சரியாக வளரவில்லை. அந்தச் சேற்றில் இருந்தது என்ன என்பது 2014-இல்தான் தெளிவாயிற்று. லாந்தனம், சீரியம், பிரசியோடைமியம், நியோடைமியம் ஆகிய அருமண் உலோகங்களுள் ஒன்று இருந்தாலே போதும். பாடநூல்கள் கால்சியம் இருக்கும் என்று சொன்ன இடத்தில், இந்த நொதி அருமண் உலோகத்தைப் பிடித்து வைத்திருந்தது. உயிரினங்களுக்குப் பயனற்றவை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட உலோகங்கள் இவை என்பதால், இன்றும் எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது.

பாறையிலிருந்து அவ்வுலோகங்களைக் கரைத்துத் தருவது அந்த அமிலமேதான்.

நீர்க்குமிழி:
மிக்க நன்றி. அப்படியானால் நடுநிலை நீரில் வாழும் மற்ற மீத்தேன் உண்ணிகள் அருமண் இல்லாமல் என்ன செய்கின்றன?

அருமண்:
நடுநிலை நீரில் இவ்வுலோகங்கள் பாஸ்பேட்டோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து படிந்துவிடுவதால், கரைந்த நிலையில் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. அங்குள்ள பல இனங்கள் கால்சிய நொதி, அருமண் நொதி இரண்டுக்குமான மரபணுக்களையும் வைத்துக்கொண்டு, கிடைப்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்கின்றன. சோல்ஃபத்தாரா இனத்திடம் கால்சிய வகைக்கான மரபணுவே இல்லை. ஆகவே அமிலம் குறைந்த, அருமண் அற்ற நீருக்கு அதை மாற்றினால், மீத்தேன் எவ்வளவு கிடைத்தாலும் மெத்தனாலைத் தாண்டிச் செல்ல அதற்கு வழி இராது.