வீடு கட்டும் போர்டு கேம், ஆச்சியும் ஆட முடியுமா?

கேள்வி (காரைக்குடி):
லீவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து ஆச்சியையும் சேர்த்துக்கொண்டு ஆட 'ட்ரீம் ஹோம்' சரிப்படுமா? ஆச்சிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

பதில் (தேவகோட்டை):
தாராளமாக வாங்குங்கள் அக்கா. 2 முதல் 4 பேர் ஆடலாம், அரை மணி நேரம்தான். 12 சுற்று, சுற்றுக்கு ஓர் அறை. அறைச் சீட்டை எடுத்தால் அதோடு ஜோடியாக இருக்கிற சீட்டும், கூரை, அலங்காரச் சாமான் மாதிரி ஏதாவது ஒன்று, பெரும்பாலும் கூடவே வந்துவிடும்; பிடித்த அறையோடு வேண்டாத நிறக் கூரை ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கேதான் யோசிக்க வேண்டும். கூரை முழுக்க ஒரே நிறமென்றால் புள்ளி அதிகம். சீட்டில் பெரும்பாலும் படம்தான், கவலை வேண்டாம்.

பதில் (கானாடுகாத்தான்):
நல்ல ஆட்டம்தான், ஆனால் மாடி, தரைத்தளம், அதற்கும் கீழே ஒரு தளம் என்று அடுக்கும் வெளிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நம் செட்டிநாட்டு வீடு அதில் கிடையாது. எங்கள் அப்பத்தா முதலில் கேட்டதே "வளவு எங்கேடா?" என்றுதான்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணே, ஆர்டர் போடுகிறேன். அப்புறம் அட்டை வெட்டி நம் வீட்டுக்கும் ஒன்று செய்து பார்க்கலாம், கூரை நிறத்துக்குப் பதில் ஆத்தங்குடித் தரைக்கல்.