ஆக்சிலரேட்டர்: ‘கணிமுடுக்கி’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். பழைய கணினிகளை வேகப்படுத்த வந்த ஆக்சிலரேட்டர் என்ற வன்பொருளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கருத்துகளை மேற்கோளிட்டு, என் பதிலை எழுதுகிறேன்.

> ‘வேகமூட்டி’ என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது, சரி. ஆனால் கூடுதல் நினைவகம் செருகினாலும் கணினி வேகமாகத்தான் ஓடும். அதுவும் வேகமூட்டி ஆகிவிடும். பழைய வீட்டுக் கணினிகளுக்கு வந்த ஆக்சிலரேட்டர், இருக்கிற செயலியை (பிராசசரை) ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். படம் வரைவதை மட்டும் விரைவாக்கும் வரைகலை முடுக்கி, மையச் செயலிக்கு உதவியாக இருக்கும் துணைச்செயலி இரண்டிலிருந்தும் இதைப் பிரித்துக்காட்டுவது இந்த வேலைதான்.

கமடோர் நிறுவனத்தின் வீட்டுக் கணினியான, 1992-இல் வந்த அமிகா 1200-ஐப் பாருங்கள். அதன் 14 மெகாஹெர்ட்ஸ் 68ஈசி020 செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அடிப்பக்கத்து மூடியைத் திறந்து, பிளிஸார்ட் 1260 அட்டையை அங்கிருக்கும் 150 முனை இணைப்பில் அழுத்திவிட்டால், அட்டையிலுள்ள 50 மெகாஹெர்ட்ஸ் 68060 செயலி பாட்டையை (தரவு போய்வரும் பொதுத் தடத்தை) தன் வசம் எடுத்துக்கொள்ளும். பழைய செயலி பலகையிலேயே இருக்கும், வேலை மட்டும் இருக்காது.

> ‘முடுக்கட்டை’ சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் வேகமாகப் படிக்கிறவர் கண்ணில் ‘முட்டுக்கட்டை’ என்று விழும். பொருள் நேர் எதிராகப் போய்விடும். தவிர, எல்லாமே அட்டை இல்லை. ஆப்பிள் II கணினிக்கு வந்த ஜிப் சிப், 40 கால் உள்ள ஒற்றைச் சில்லு. அதன் 6502 செயலியைக் கழற்றிவிட்டு அதே குழியில் இதை வைக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் ஓடியது 4 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். வட்டு இயக்கி போல நேரக்கணக்கு தவறக்கூடாத இடங்களில் தானாகவே பழைய வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும் (இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்). கமடோர் 64-க்கு வந்த சூப்பர்சிபியு, கணினியின் பின்புறம் செருகும் பெட்டி. உள்ளே 20 மெகாஹெர்ட்ஸ் 65816 செயலி. ஆக, சொல்லில் வடிவம் வர வேண்டாம், வேலை வந்தால் போதும்.

‘செயலிமுடுக்கி’ என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் இன்று ‘செயலி’ என்றால் பலருக்கும் கைப்பேசி ஆப்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் என் முன்மொழிவு கணிமுடுக்கி. தேவைப்படும் இடத்தில் கணிமுடுக்கி அட்டை, கணிமுடுக்கிச் சில்லு என்று நீட்டிக்கொள்ளலாம்.

> இவ்வளவு அரிய பொருளுக்குத் தனிச்சொல் தேவையா?

அரிதாகிவிட்டதால்தான் தேவை என்கிறேன். இவை முதலிலேயே குறைவாக விற்றவை. 68060 வெளிவந்த 1994-இலேயே கமடோர் நிறுவனம் திவாலானது. அந்தச் சில்லை வைத்து அமிகாவுக்கு வந்த அட்டைகளெல்லாம், தாய் நிறுவனம் போன பிறகும் கணினியை விடாமல் வைத்திருந்தவர்கள் வாங்கியவை. மிஞ்சியவற்றிலும் எல்லாம் முழுசாக இல்லை. பல அட்டைகளில் தருக்கச் சில்லுகள் பூட்டப்பட்டிருக்கும், உள்ளிருக்கும் நிரலைப் படித்தெடுக்க முடியாது. அதில் ஒன்று செத்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் அட்டை எழுந்திருக்காது. கணினியின் பக்கமும் ஆபத்து உண்டு. அமிகா 1200-இன் மின்தேக்கிகள் கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடுகின்றன.

அப்புறம், வன்பொருள் மட்டும் பிழைத்தால் போதாது. முந்தைய 68000 குடும்பச் செயலிகளில் இருந்த சில கட்டளைகள் 68060-இல் கிடையாது. அவற்றை மென்பொருளில் செய்துகொடுக்க 68060 நூலகக் கோப்பு வேண்டும். அது இருந்த நெகிழ்வட்டும், ஜம்பர் (அட்டையின் அமைப்பை மாற்றும் சிறு இணைப்பு) எப்படிப் போடுவது என்று சொல்லும் தாளும் அட்டையோடு சேர்ந்தவைதான். ஆவணப்படுத்துகிறவர்கள் அட்டையைப் படம் எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. போலிகள் வேறு: மிதவைப்புள்ளி அலகு (தசமக் கணக்குகளைச் செய்யும் பகுதி) இல்லாத 68எல்சி060-இன் மேற்பரப்பைத் தேய்த்து, முழுச் செயலியின் பெயரை அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்துப் பட்டியலிட்டால் இதுவும் அசலாகிவிடும்.

பதிவுக்கான வரையறை இது:

கணிமுடுக்கி: ஒரு கணினியின் மையச் செயலிக்குப் பதிலாகத் தானே இயங்கி, அதே மென்பொருள்களை அதைவிட வேகமாக ஓட்டும் வன்பொருள். அட்டை, சில்லு, வெளிப்பெட்டி ஆகிய வடிவங்களில் வரும். உடன் வரும் மென்பொருளும் அமைப்புக் குறிப்புகளும் இதன் பகுதியே.

இந்த வரையறைப்படி, அமிகாவின் 68000 இருக்கும் குழியில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்து இயக்கும் பைஸ்டார்மும், எஃப்பிஜிஏ (உட்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லு) வைத்துச் செய்த வேம்பயரும் கணிமுடுக்கிகளே. அவற்றை நான் மனதார வரவேற்கிறேன். பல கணினிகள் இன்றும் பயன்பாட்டில் இருப்பது இவற்றால்தான். ஆனால் 1990-களின் அசலையும் இவற்றையும் ஒரே வரிசையில் எண்ணினால், எத்தனை அசல் மிஞ்சியது என்ற கணக்கே குழம்பிவிடும். ‘அசல் கணிமுடுக்கி’, ‘புதுக்கணிமுடுக்கி’ என்று பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டாவது சொல் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. பொருத்தமான முன்னொட்டு தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்