கம்பைலர் வாய் திறக்காமல் விட்ட ஃபங்ஷன் தவறுகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

பதிவு 1

சி மொழி, ஜிசிசி 4.8 கம்பைலர், 64 பிட் லினக்ஸ். ஒரு ஃபங்ஷன் ஃபைலைப் படித்து பாயின்டர் (64 பிட் நினைவக முகவரி) தரும், இன்னொன்று அதை வாங்கிப் பிரிக்கும். இரண்டுக்கும் ஹெடர் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல்) சேர்க்க மறந்துவிட்டேன். முதலாவதின் விடையை நேரே அடுத்ததற்குள் கொடுத்திருந்ததால் ஒரு வார்னிங்கூட வரவில்லை. அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் (32 பிட் முழு எண்) தரும் என்று அன்றைய ஜிசிசி அதுவாகவே எடுத்துக்கொள்ளும், தெரியுமே.

சின்ன ஃபைல்களுக்கு மாதக்கணக்கில் ஓடியது. பெரிய ஃபைல் ஒன்று வந்த அன்று விழுந்தது. பிழை தேடும் ஜிடிபியில் பார்த்தால், நினைவகம் ஒதுக்கும் மாலாக் தந்த முகவரி ஹெக்ஸில் 12 இலக்கம், இரண்டாவது ஃபங்ஷனுக்குள் வந்து சேர்ந்தது கடைசி 8 மட்டும். 128 கேபி தாண்டும்வரை முகவரிகள் தாழ்வாகவே இருந்ததால் வெட்டுப்பட எதுவும் இருக்கவில்லை. அந்த 8 இலக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பதிவு 2

எனக்கு சி++, ஜிசிசி 8. பூல் (உண்மை/பொய் தரும்) ஃபங்ஷன் ஒன்றில் கடைசி ரிட்டர்ன் விட்டுப்போச்சு. டீபக் பில்டில் ஒழுங்காக ஓடியது. வேகப்படுத்தும் ஓ2 ஆப்ஷன் போட்டதும் அந்த ஃபங்ஷன் திரும்பி வராமல் கீழே இருந்த அடுத்த ஃபங்ஷனுக்குள் நுழைந்துவிட்டது. "கனெக்ஷன் மூடப்பட்டது" என்று லாகில் ஒரு வரி. அதை யாரும் கூப்பிடவே இல்லை! வார்னிங் வந்திருக்கிறது, மற்ற வார்னிங்குகளுக்கு நடுவே புதைந்து கிடந்தது.

பதிவு 3

2-ஆம் பதிவுக்காரரே, அது மௌனம் இல்லை. கம்பைலர் சொல்லியிருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை.

என் கதை சின்னது. சி-யில் ஃபங்ஷனை வெற்று அடைப்புக்குறியோடு எழுதிவிட்டு மூன்று மதிப்பு அனுப்பினேன். மூன்றும் காற்றில் போயின, ஒரு சத்தமும் இல்லை.

அதனால் சொல்கிறேன், எல்லா வார்னிங்கையும் திறந்துவிடுங்கள். அப்புறம் அவற்றை எரராக மாற்றுங்கள். பழைய கோடு என்றால் ஒரே நாளில் செய்யாதீர்கள், ரிட்டர்ன் விட்டுப்போனதைச் சொல்லும் வார்னிங்கை மட்டும் முதலில் எரராக்குங்கள், அடுத்து அறிவிக்காத ஃபங்ஷன். வெற்று அடைப்புக்குறிக்குள் வாய்ட் (எந்த மதிப்பும் வாங்காது என்று பொருள்) எழுதும் பழக்கம் வேண்டும். சி மொழியின் புதிய தரமான சி23-இல்தான் வெற்று அடைப்புக்குறிக்கே அந்த அர்த்தம் வந்தது. முடிந்தால் இன்னொரு கம்பைலரான கிளாங்கிலும் ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள், ஜிசிசி விட்டதில் சிலவற்றை அது பிடிக்கும்.

பதிவு 1 எழுதியவர்

சரி, ஆனால் எனக்கு வார்னிங்கே வரவில்லை, படிக்காமல் விட்டவன் இல்லை நான். அறிவிக்காத ஃபங்ஷனை 1999-ஆம் வருடத் தரமான சி99 அப்போதே நீக்கிவிட்டது. ஜிசிசி அதை எரராக்கியது 2024-இல், 14-ஆம் பதிப்பில். நடுவில் 25 வருடம். எனக்கு அன்று அந்த ஒரு வரி வந்திருந்தால் போதும்.